பேட்டன்ட் லெதர் ஷூ காலைக் கடிக்கிறது, கொஞ்சம் தளர்த்த வழி இருக்கிறதா?

முத்துநகரான்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். காலையில் சர்ச், சாயங்காலம் மண்டபத்தில் ரிசப்ஷன். எங்கள் வீட்டுப் பழக்கப்படி பெண்ணுக்கு மந்திரகோடிப் புடவை நாங்கள் எடுக்க வேண்டும், மாப்பிள்ளைக்குக் கோட்டு, ஷூ எல்லாம் பெண் வீட்டில் எடுப்பார்கள். மாமனார் துபாயில் இருக்கிறார். வரும்போது ஒரு கறுப்பு பேட்டன்ட் லெதர் ஷூ வாங்கி வந்துவிட்டார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அளவு கேட்டபோது நான் 8 என்றேன், அவர் ஐரோப்பிய 42 வாங்கியிருக்கிறார். சரியான எண்தான் என்று கடையில் சொன்னார்களாம்.

போட்டால் உள்ளே போகிறது, நிற்கவும் முடிகிறது. நடந்தால் உயிர் போகிறது. கழற்றிப் பார்த்தால் வலது கால் சிவந்து கிடக்கிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. எப்படிக் கேட்பது? கடை துபாயில், கேட்க வேண்டிய ஆள் மாமனார். "செருப்புக் கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவுடா" என்கிறார்கள் அம்மா. இந்தப் பளபளப்பின் மேல் எண்ணெய் நிற்கவே மாட்டேன் என்கிறது, துடைத்தால் அப்படியே வந்துவிடுகிறது.

பேட்டன்ட் லெதரைப் பெரிதாக்க முடியுமா? முடியும் என்றால் பளபளப்பு கெடாமல் எப்படிச் செய்வது? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

வெட்டிப்பேச்சு:

வாழ்த்துகள் மாப்ள! ரொம்பச் சுலபம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் பாதி தண்ணீர் ஊற்றி ஷூவுக்குள் வைத்து ஃப்ரீசரில் போட்டுவிடு. தண்ணீர் ஐஸ் ஆனால் விரியும், ஷூவும் கூடவே விரியும். இல்லையா, இரண்டு ஜோடி தடித்த சாக்ஸ் மாட்டி, ஷூவைப் போட்டு, மேலே ஹேர் டிரையரை ஃபுல் சூட்டில் காட்டு. வீடியோவில் நிறையப் பேர் செய்கிறார்கள். நானும் என் கேன்வாஸ் ஷூவுக்குச் செய்தேன், சூப்பர்.

---

பாலாற்றங்கரை:

தம்பி முத்துநகரான், அவசரப்பட்டு ஃப்ரீசரைத் திறந்துவிடாதீர்கள். கேன்வாஸுக்கு எது செய்தாலும் அது தாங்கும், இது வேறு சரக்கு. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், அது உண்மைதான். ஆனால் அதே குளிரில் பேட்டன்டின் மேல்பூச்சு விறைத்துவிடும். விறைத்த பூச்சை உள்ளே இருந்து ஐஸ் தள்ளினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஃபுல் சூட்டில் ஹேர் டிரையர் வைத்தால் அதற்கு எதிர்ப் பக்கத் தொல்லை. பூச்சு இளகிக் கொப்பளிக்கும், இல்லையென்றால் பிசுபிசுத்துத் தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

நான் சில விஷயம் கேட்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். வலிக்கும் இடம் எது? விரல் நுனியா, சுண்டு விரலின் அடி மூட்டா, மேல் பாதமா, குதிகாலா? லேஸ் கட்டும் இடத்தில் இரண்டு பக்கத் தோலும் அடியில் சேர்த்துத் தைத்திருக்கிறதா, இல்லை மடல் மாதிரித் தனித்தனியாகத் திறக்கிறதா? அப்புறம், உள்ளே காலடியில் இருக்கும் மெத்தை கையோடு கழன்று வருகிறதா, ஒட்டியிருக்கிறதா? லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் ஓரத்தையும் பாருங்கள், வெட்டுப் பக்கத்தில் நார் நாராகத் தெரிகிறதா, துணி தெரிகிறதா?

---

முத்துநகரான்:

நன்றி அண்ணே. நல்ல வேளை, ஃப்ரீசரில் மீன் இருந்ததால் அம்மா ஷூவை உள்ளே வைக்க விடவில்லை.

முதல் வலி சுண்டு விரலின் அடி மூட்டில், வெளிப்பக்கம். வலது காலில்தான் அதிகம். இடது காலில் லேசாக அழுத்துகிறது, பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தது மேல் பாதம், லேஸுக்குக் கீழே. விரல் நுனியில் இடம் இருக்கிறது, கட்டை விரலை அசைக்க முடிகிறது. குதிகால் சரியாக இருக்கிறது. லேஸ் பகுதி அடியில் சேர்த்துத் தைத்த மாதிரிதான். மெத்தை லேசாகத்தான் ஒட்டியிருக்கிறது, ஓரத்தைத் தூக்கினால் வருகிறது. நாக்கின் ஓரம் நாராக இருக்கிறது, துணி இல்லை.

---

பாலாற்றங்கரை:

அப்படியென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. நிதானமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்ஷனில் சூப்பர்வைசராக இருந்தவன். தைத்து வந்த மேல்தோலைக் கால் வடிவக் கட்டையின் மேல் போட்டு, சூடு காட்டி, இழுத்து, அடியில் ஒட்டும் இடம்தான் லாஸ்டிங். எந்தத் தோல் எவ்வளவு இழுத்தால் தாங்கும் என்பதுதான் அங்கே அன்றாடப் பேச்சு. பேட்டன்ட் ஆர்டர் வந்தால் லைனில் எல்லோருக்கும் முகம் சுருங்கிவிடும். மற்ற தோலில் இடுக்கி பட்ட தடத்தைத் தேய்த்துப் பாலிஷ் போட்டு மறைக்கலாம். பேட்டன்டில் விழுந்தது விழுந்ததுதான்.

சாதாரணத் தோல் நார்கள் பின்னிக் கிடப்பது. ஈரமும் வெதுவெதுப்பும் பட்டால் நார்கள் நகர்ந்து இடம் விடும், அந்த நிலையிலேயே காய்ந்தால் அப்படியே நின்றுவிடும். புதுச் செருப்பு நாலு நாள் கடித்துவிட்டு அப்புறம் காலோடு பழகுவது இதனால்தான். பேட்டன்டிலும் அடியில் அதே தோல்தான். மேலே மட்டும் பாலியூரித்தேன் பூச்சு. 1819 வாக்கில் அமெரிக்காவின் நெவார்க்கில் சேத் பாய்டன் என்பவர் இதைத் தொழிலாகச் செய்ய ஆரம்பித்தபோது ஆளிவிதை எண்ணெயிலிருந்து காய்ச்சிய வார்னிஷைத்தான் பூச்சு மேல் பூச்சாக அடித்தார்கள். இப்போது பிளாஸ்டிக் ரகம். முன்னைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் அது ஈரத்தைக் குடிக்காது, காற்றை விடாது, தோல் இழுபடுகிற அளவுக்கு இழுபடவும் செய்யாது. உங்கள் அம்மா தடவிய எண்ணெய் நிற்காமல் போனது இதனால்தான். தோல் வழிவிடத் தயார், பூச்சு தயாரில்லை. பூச்சின் சம்மதம் இல்லாமல் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது.

லேபில் லாஸ்டோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. தோலை வட்டமாக வெட்டி, ஓரத்தை இறுக்கிப் பிடித்து, அடியிலிருந்து ஒரு எஃகு குண்டை மெதுவாக மேலே தள்ளுவார்கள். நடுவில் தோல் கும்பமாக எழும்பும். மேற்பரப்பில் முதல் விரிசல் கண்ணில் படும்போது குண்டு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஷூ மேல்தோல் குறைந்தது 7 மில்லிமீட்டராவது தாங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அது புதுத் தோலின் கணக்கு. ஷூவாக உங்கள் கைக்கு வரும்போது அதில் ஒரு பங்கை எங்களை மாதிரி ஆட்கள் லாஸ்டிங்கிலேயே இழுத்துச் செலவழித்திருப்பார்கள். மிச்சம் இருப்பதுதான் உங்களுக்கு. ஆகவே ஒரு சைஸ் பெரிதாக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அகலத்தில் நாலைந்து மில்லிமீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். உங்களுக்கு அவ்வளவுகூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அளவு விஷயத்தில் உங்கள் மாமனார் மேல் தப்பே இல்லை. யூ.கே. 8 என்றால் ஷூ செய்கிற கால் வடிவக் கட்டையின் நீளம் 11 அங்குலம், அதாவது 279.4 மில்லிமீட்டர். ஐரோப்பிய 42 என்றால் 280. இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் விரல் நுனியில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த எண் நீளத்தை மட்டும்தான் சொல்லும். சுண்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே பாதம் எவ்வளவு பரந்திருக்கிறது என்பது அதில் கிடையாது. அதைக் காட்ட யூ.கே. கணக்கில் எஃப், ஜி, எச் என்று எழுத்துகள் உண்டு. எச் என்றால் அகலக் கால். கடைகளில் அதை யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் நடந்த நம் கால்கள் பெரும்பாலும் முன்பக்கம் விரிந்தவை. கோட்டு சூட்டுக்குச் செய்கிற ஷூவோ ஒடுக்கமான கட்டையில் செய்தது.

அடுத்தது, ஷூவில் எந்த இடம் அசைந்து கொடுக்கும், எது கொடுக்காது என்று தெரிய வேண்டும். முன்நுனியில் தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே டோ பஃப் என்ற விறைப்பான தகடு இருக்கும். குதிகாலைச் சுற்றி அதே போலக் கவுன்ட்டர். இவை இரண்டையும் வீட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. சுண்டு விரல் மூட்டு வரும் பக்கவாட்டில் பெரும்பாலும் தோலும் லைனிங்கும் மட்டும்தான். உங்களுக்கு வலிப்பது அங்கேதான் என்பதால் தப்பித்தீர்கள்.

முதலில் பூச்சைத் தொடாமலே ஆகிற வேலை ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் மெத்தையைக் கழற்றிவிட்டுக் காலை விட்டுப் பாருங்கள். அது ஃபோம் மெத்தையாக இருந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கால் அந்த அளவுக்குக் கீழே இறங்கும், மேல் பாதத்து இறுக்கம் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். வெறும் அட்டை மேல் கால் வைக்க ஒரு மாதிரி இருந்தால் மெல்லிய தோல் அட்டை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். லேஸையும் அடியிலிருந்து கடைசித் துளை வரை முழுக்கத் தளர்த்தி மறுபடி கோத்துவிடுங்கள். கடையில் மாட்டித் தரும் லேஸ் கீழ்த் துளைகளில் எப்போதும் இறுக்கமாகத்தான் இருக்கும்.

அதற்கப்புறம்தான் விரிப்பது. வலிக்கும் இடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது, குறித்துக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்குப் போடப்போகிற அதே மெல்லிய சாக்ஸில் பழைய ஜோடி ஒன்றை மாட்டுங்கள். சாக்ஸின் மேல், மூட்டு துருத்தி நிற்கும் இடத்தில், வீட்டில் யாருடைய லிப்ஸ்டிக்கையாவது வாங்கி ஒரு பொட்டு வையுங்கள். ஷூவைப் போட்டு, ஒரு தடவை எழுந்து நின்று, கழற்றுங்கள். லைனிங்கில் அந்தப் பொட்டு ஒட்டியிருக்கும். அதுதான் இடம். நீங்கள் நினைத்ததைவிட ஒரு விரற்கடை முன்னேயோ பின்னேயோ இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஷூ விரிக்கும் கட்டை ஒன்று வாங்குங்கள். திருகாணியைத் திருகினால் அகலவாட்டில் பிளக்கிற மாதிரி இருக்க வேண்டும். பக்கத்தில் துளைகள் இருக்கும், அதில் செருக குமிழ்கள் கூடவே தருவார்கள். லிப்ஸ்டிக் பட்ட இடத்துக்கு நேராக வரும் துளையில் ஒரு குமிழைச் செருகுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு துணியில் நனைத்துப் பிழிந்து, உள்பக்கம் லைனிங்கில் மட்டும், அந்த இடத்தில் மட்டும் ஒற்றி எடுங்கள். சொட்டச் சொட்ட ஊற்றினால் அடியில் இருக்கும் பசை விட்டுவிடும். வெளிப்பக்கம் ஒரு துளிகூடப் படக் கூடாது. பேட்டன்டின் மேல் ஆல்கஹால் பட்டால் பளபளப்பு மங்கி வெளிறிவிடும், திரும்ப வராது. கடையில் விற்கும் ஷூ விரிக்கும் ஸ்பிரே பலவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறது. டப்பாவில் "எல்லாத் தோலுக்கும்" என்று எழுதியிருந்தாலும் பேட்டன்டுக்கு வெளியே அடிக்காதீர்கள்.

பிறகு வெளிப்பக்கத்தை லேசாக வெதுவெதுப்பாக்குங்கள். ஹேர் டிரையரில் குறைந்த சூடு, ஒரு முழம் தள்ளி, கையை நடுவே வைத்துப் பார்த்துக்கொண்டே காட்டுங்கள். கைக்கு இதமாக இருந்தால் போதும். பூச்சு நெகிழத்தான் இந்தச் சூடு. உடனே கட்டையைச் செருகி, பக்கங்கள் தோலைத் தொடும் வரை திருகுங்கள். தொட்ட பிறகு கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. அத்தோடு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கட்டையை எடுக்க வேண்டும். ஈரத்தோடு எடுத்தால் தோல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். போட்டுப் பார்த்து, போதவில்லை என்றால் அடுத்த ராத்திரி இன்னொரு கால் சுற்று. இன்றைக்கே முடிக்க வேண்டும் என்று மூன்று சுற்றுச் சுற்றுகிறவர்கள்தான் ஷூவை உடைப்பது.

ஒவ்வொரு தடவை திருகும்போதும் டியூப் லைட்டுக்கு அடியில் ஷூவைச் சாய்த்துப் பிடித்து அந்த இடத்தில் விழும் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். கோடு நேராக இருக்கிற வரை பயமில்லை. பிம்பம் ஆரஞ்சுத் தோல் மாதிரிப் பொரிபொரியாகக் கலைய ஆரம்பித்தாலோ, கறுப்பில் புகை படிந்தது போல வெள்ளை ஓடினாலோ, அத்தோடு நிறுத்தி அரைச் சுற்றுப் பின்னால் திருப்பிவிடுங்கள். பூச்சு "போதும்" என்று சொல்கிறது. அதற்கு மேல் போனால் முடி அளவு விரிசல் விழும், அதை ஒட்டவும் முடியாது, மறைக்கவும் முடியாது.

இன்னொன்று, நாக்கில் துணி தெரிகிறதா என்று கேட்டேனே, அது ரெக்ஸினா என்று பார்க்கத்தான். ரெக்ஸின் பேட்டன்டாக இருந்தால் இத்தனையும் வீண். விரித்து எடுத்த மறுநாளே சுருங்கிக்கொள்ளும். உங்களுடையது தோல்தான்.

---

மூன்றாம் நம்பர் கவுன்ட்டர்:

பாலாற்றங்கரை அண்ணா சொன்னதை அப்படியே செய்யுங்கள் தம்பி. நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், தினமும் பேட்டன்ட் கோர்ட் ஷூதான், அதாவது லேஸ் இல்லாமல் மேல் பாதம் திறந்திருக்கும் பெண்கள் ஷூ. கட்டை விரல் மூட்டில் எலும்பு புடைத்திருப்பதால் எந்த ஷூ வாங்கினாலும் குமிழ் வைத்து விரிக்காமல் எனக்கு ஆகாது.

இரண்டு மூன்று விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷூவை உள்ளே காகிதம் திணித்து வைக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. செய்தித்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த மை பேட்டன்டில் பட்டு ஊறிவிடும், என்ன துடைத்தாலும் போகாது. கறுப்பில் அவ்வளவாகத் தெரியாது என்றாலும் என் பழுப்பு நிற ஷூவில் ஒரு விளம்பரத்தின் பாதி எழுத்து இன்னமும் இருக்கிறது. சாயம் போகிற துணிப் பையிலும் போடாதீர்கள். இரண்டு ஷூவும் ஒன்றையொன்று தொட்டபடி பெட்டியில் கிடந்தால் இந்த வெயிலுக்கு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது தடம் விழும். ஆளுக்கொரு வெள்ளைப் பருத்திப் பை போதும்.

அப்புறம், காலையில் போட்டுப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பொழுது சாயச் சாயக் கால் வீங்கும். உங்களுக்குக் காலையில் சர்ச்சில் நிற்பது, மத்தியானம் பந்தி விசாரிப்பது, சாயங்காலம் மேடையில் மணிக்கணக்காக நின்று கை குலுக்குவது. இரவு ஏழு, எட்டு மணிக்குப் போட்டுப் பார்க்கும்போது வலிக்காமல் இருந்தால்தான் அளவு சரி.

குதிகாலிலும் சுண்டு விரலிலும் முந்தைய நாளே மைக்ரோபோர் டேப் ஒட்டிவிடுங்கள். மருந்துக் கடையில் கேட்டால் தருவார்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டினால் பிரிக்கும்போது தோலோடு வரும்.

மாமனாரிடம் சொல்ல வேண்டாம் என்று நினைப்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். ஆல்பத்தில் நீங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றால் காரணம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

---

பெரியமேட்டுக் கடைக்காரன்:

சென்னை பெரியமேட்டில் ஷூவுக்கு வேண்டிய சாமான் விற்கிற கடை என்னுடையது. பாலாற்றங்கரை பாய் சொல்வதில் ஹேர் டிரையர் ஒன்று மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. குறைந்த சூடு, ஒரு முழம் தள்ளி என்று அவர் பக்குவமாகத்தான் சொல்கிறார். ஆனால் படிக்கிறவர்கள் கையில் அது எப்போதும் ஒரு ஜாண் கிட்டத்தில்தான் போய் நிற்கும். என் கடைக்குக் கொப்பளித்துப் போய் வருகிற பேட்டன்ட் ஷூக்களில் பெரும்பாலும் ஹேர் டிரையர் சூடுதான். தூத்துக்குடியில் ஏ.சி. இல்லாத அறை போதாதா? ஷூவை மத்தியானம் முழுக்க அலமாரிக்கு வெளியே நிழலில் வைத்தாலே பூச்சு நெகிழ்ந்துதான் இருக்கும். வெயிலில் வைக்காதீர்கள், நிழல்.

கட்டை வாங்கும்போது ஒரு விஷயம் பாருங்கள். பிளாஸ்டிக்கில் மலிவாக வருவதில் திருகும்போது முன்பக்கம் பிளப்பதற்குப் பதிலாகக் குதிப்பக்கம் நீண்டுகொண்டே போகும். அது கவுன்ட்டரைத்தான் இடிக்கும், உங்களுக்கு வேண்டிய இடத்தில் ஒன்றும் நடக்காது. கடையிலேயே கையில் வைத்துத் திருகிப் பார்த்து வாங்குங்கள். இடது கால், வலது கால் வேறுபாடு இல்லாத கட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, குமிழ் சரியான இடத்தில் வந்தால் போதும்.

ஊரில் பழைய ஷூ ரிப்பேர் ஆள் யாராவது இருந்தால், அவரிடம் இரும்பில் பெரிய இடுக்கி போல ஒன்று இருக்கும். ஒரு வாயில் குண்டு, இன்னொரு வாயில் வளையம். குண்டு ஷூவுக்குள் போகும், வளையம் வெளியே உட்காரும், பிடியை அழுத்தினால் அந்த ஒரு இடம் மட்டும் புடைக்கும். சுண்டு விரலுக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் பேட்டன்டில் அந்த வளையம் வட்டமாகத் தடம் பதித்துவிடும். "நடுவில் மெத்தென்ற துணி வைத்து அழுத்துங்கள் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

---

பாலாற்றங்கரை:

கடைக்காரர் சொல்வது நியாயம்தான். கம்பெனியில் சூட்டை அளக்க மீட்டர் இருக்கும், வீட்டில் கைதான் மீட்டர். தம்பி, டிரையரை விட்டுவிடுங்கள். வெயில் காலத்து அறைச் சூடே போதும், திருகுவதை மட்டும் இன்னும் மெதுவாகச் செய்யுங்கள்.

---

வெட்டிப்பேச்சு:

என் ஐடியாவை இத்தனை பேர் சேர்ந்து அடித்துத் துவைத்ததில் வருத்தம் இல்லை. கேன்வாஸுக்குக் கேள்வி வந்தால் கூப்பிடுங்கள்.

---

முத்துநகரான்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் வரவில்லை.

மெத்தையைக் கழற்றியதுமே மேல் பாதத்து வலி போய்விட்டது. அண்ணே, அது ஒன்றுக்காகவே உங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு உண்டு. லிப்ஸ்டிக் தங்கச்சியுடையது, எதற்கு என்று சொன்னதும் தர மறுத்து, அப்புறம் தீர்ந்துபோகப்போகிற ஒன்றைக் கொடுத்தாள். பொட்டு நான் நினைத்த இடத்துக்கு நன்றாகவே பின்னால் விழுந்தது. என் கணக்குப்படி குமிழ் வைத்திருந்தால் வேறு எங்கேயோ புடைத்திருக்கும். கட்டை வாங்கி ராத்திரி ராத்திரி கால் சுற்றாகத் திருகினேன். ஒரு ராத்திரி டியூப் லைட் பிம்பம் லேசாக நெளிந்த மாதிரித் தெரிந்தது, உடனே பின்னால் திருப்பிவிட்டேன். காலையில் பார்த்தபோது நேராகிவிட்டது.

இப்போது சாயங்காலம் எட்டு மணிக்கும் போட்டு நடக்க முடிகிறது. வலது காலில் தொடுகிற உணர்ச்சி இருக்கிறது, வலி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் புடைப்பே தெரியவில்லை. மாமனார் நேற்று வீட்டுக்கு வந்து "போட்டுப் பார்த்தீங்களா மாப்பிள்ளை, அளவு எப்படி?" என்றார். கச்சிதம் என்றேன். பக்கத்தில் நின்ற அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்கள்.

ஒரு சந்தேகம். வீட்டுக்குள் நடந்து பழகியதில் விரல் மடங்கும் இடத்தில் குறுக்கே கோடு விழுந்திருக்கிறது. இது விரிசலா? நடக்கும்போது இரண்டு ஷூவும் உரசினால் "கீச்" என்று சத்தமும் வருகிறது. சர்ச்சில் நடு வழியில் நடக்கும்போது அந்தச் சத்தம் வந்தால் மானம் போய்விடும்.

---

பாலாற்றங்கரை:

கோட்டின் மேல் நகத்தைக் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் வெறும் மடிப்பு. நடக்கிற எந்த ஷூவிலும் வரும், ஒன்றும் செய்ய வேண்டாம். நகம் மாட்டினால்தான் விரிசல். மடிப்பை மறைக்க என்று கறுப்பு மெழுகுப் பாலிஷ் போடாதீர்கள். பூச்சின் மேல் அது ஊறாது, படிந்து மங்கலாகும். வியர்வைத் தடம், தூசி எல்லாம் ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் தேய்த்தால் போதும்.

கீச் சத்தத்துக்கு வாசலின் போதும். விரல் நுனியில் பட்டும் படாமலும் தொட்டு, இரண்டு ஷூவிலும் உள்பக்கம் உரசிக்கொள்ளும் இடத்தில் தடவி, தடவியது தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். நாக்கும் மேல்தோலும் உரசும் இடத்திலும் அப்படியே செய்யுங்கள். அதிகம் வைத்தால் தூசி ஒட்டும்.

கட்டையைக் கல்யாணத்துக்கு முந்தைய ராத்திரி வரை உள்ளேயே வைத்திருங்கள், ஆனால் திருகாமல், தொட்டும் தொடாமலும். குமிழ் அதே துளையில் இருக்கட்டும். அடியில் தோல் சோல் என்றால் புதிதில் மார்பிள் தரையில் வழுக்கும், முன்கூட்டியே வாசல் சிமெண்டில் கொஞ்சம் நடந்து சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள். லேஸ் மெழுகு பூசிய உருண்டை லேஸாக இருந்தால் இரட்டை முடிச்சுப் போடுங்கள் தம்பி, அது தானாக அவிழும். பட்டு வேட்டி மாதிரி மேடையில் குனிந்து சரி செய்ய முடியாது, கோட்டு விடாது.